நாமே தேர்ந்தெடுக்கும் ரகசியம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாகாணத்தில், மலைமேல் அமைந்த லாஸ் அலமாஸ் என்ற இடத்தில், உலகத்தின் முதல் அணுகுண்டு உருவான காலத்தில் பணிபுரிந்த விஞ்ஞானிகளுள் ரிச்சர்ட் ஃபெயின்மன் என்ற இளைஞரும் ஒருவர். பின்னாளில், 1965-இல், பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்ற இந்த மேதைக்கு அந்த நாளில் இருந்த விசித்திரமான பொழுதுபோக்கு, சகாக்களின் பூட்டிய இரும்பு அலமாரிகளை அவர்கள் இல்லாத சமயத்தில் திறந்துபார்ப்பதுதான். யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் ஏதோ ஒரு தஸ்தாவேஜு தேவைப்பட்டு, அணுகுண்டைப் பற்றிய ரகசியக் காகிதங்களையெல்லாம் ஒன்பது அலமாரிகளில் பூட்டி வைத்திருந்த டி ஹாப்மன் என்ற விஞ்ஞானியின் அறைக்கு அவர் சென்றபோது, அறைக்கு உரியவர் அங்கே இல்லை. காரியதரிசியின் மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 3.14159 என்று எழுதியிருந்தது. கணக்குப் போடாத காரியதரிசிக்கு இந்த எண் எதற்கு என்று யோசித்த ஃபெயின்மன், அதையே பூட்டின் எண்ணாக வைத்து முன்னும் பின்னுமாகத் திருகிப் பார்த்தார், திறக்கவில்லை. கணித சாஸ்திரம் படித்தவர் தேர்ந்தெடுக்கக்கூடிய இன்னொரு எண் எது என்று அடுத்தபடி யோசித்து, இயற்கை மடக்கைகளின் அடிமானமாகிய 2.71828 என்பதை 27-18-28 என்று திருகினார், பூட்டு திறந்துகொண்டது. அதே எண்ணைக் கொண்டு அடுத்த அலமாரியும், அதற்கடுத்த அலமாரியும் திறந்தன.

இதே லாஸ் அலமாஸில் ஒரு ராணுவ அதிகாரிக்கென்று வரவழைத்த பிரம்மாண்டமான பெட்டகத்தை, அந்த அதிகாரி ஊரைவிட்டுப் போன பிறகு, பூட்டு வேலைக்காரர் ஒருவர் சில நிமிஷங்களில் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அந்த மனிதரிடம் வித்தை கற்றுக்கொள்ளலாம் என்று ஃபெயின்மன் நெடுநாள் சிநேகம் செய்து பார்த்தார். கடைசியில் தெரியவந்த வித்தை இவ்வளவுதான்: தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பூட்டில் வைத்து அனுப்பும் எண்ணை யாரும் மாற்றவே இல்லை. பிறகு அவர் சுற்றியிருந்த பெட்டகங்களைச் சோதித்துப் பார்த்ததில், ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று அந்தத் தொழிற்சாலை எண்ணிலேயே திறந்ததாக, 1985-இல் வெளியான தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

கடவுச்சொல் என்றும் பாஸ்வேர்டு என்றும் நாம் இன்று சொல்லும் சங்கதி கம்ப்யூட்டர்களில் தோன்றுவதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே, அதில் மனிதன் செய்யக்கூடிய பிழைகள் மூன்றும் இப்படி ஒரே ஊரில் நடந்துவிட்டன. தனக்குப் பிரியமான ஒன்றையே ரகசியமாக வைத்தது முதலாவது. ஒரே ரகசியத்தைப் பல பூட்டுகளுக்கும் வைத்தது இரண்டாவது. வந்தது வந்தபடியே விட்டுவிட்டது மூன்றாவது. செய்தவர்களோ அந்தத் தலைமுறையின் தலைசிறந்த மூளைகள். ஆகவே, பலவீனமான கடவுச்சொல் வைக்கிறவர்களை அறியாதவர்கள் என்றும் சோம்பேறிகள் என்றும் ஏசுகிற உத்தியோகபூர்வமான உபதேசங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் ஏற்படுவதுண்டு. மனித சுபாவத்தின் குணம் ஒன்று இங்கே வெளிப்படுகிறதே தவிர, கல்வியின் குறை அன்று.

கம்ப்யூட்டரில் கடவுச்சொல் புகுந்தது 1960-களின் தொடக்கத்தில். மாஸசூஸட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்ற பேராசிரியரின் தலைமையில், ஒரே பெரிய யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ஏற்பாடு ஒன்று உருவாயிற்று. அவரவர் கோப்புகளை அவரவர் மட்டுமே பார்ப்பதற்கு ஆளுக்கொரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி யந்திரத்துக்கே கட்டளை அட்டை போட்டு, அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறர் கணக்கில் வேலை செய்தார். சில வருஷங்கள் கழித்து மென்பொருள் கோளாறினால் அந்த ரகசியக் கோப்பு முழுவதும், உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் காட்டும் வரவேற்புச் செய்தியாகவே வந்துவிட்டது. கடவுச்சொல்லின் சரித்திரம் திருட்டோடும் விபத்தோடும்தான் ஆரம்பமாயிற்று என்றால் மிகையில்லை.

ஜனங்கள் உண்மையில் எத்தகைய சொற்களை வைக்கிறார்கள் என்று முதன்முதலில் எண்ணிக் கணக்கிட்டவர்கள், பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்ஸன் இருவரும். யூனிக்ஸ் என்ற அமைப்பைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து 1979-இல் அவர்கள் பிரசுரித்த கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்தவர்கள் 15 பேர். இரண்டெழுத்துக்காரர்கள் 72 பேர். மூன்றெழுத்துக்காரர்கள் 464 பேர். இவர்களோடு, நான்கு முதல் ஆறு எழுத்துக்குள் எளிய சொல் வைத்தவர்களையும், அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் கிடைக்கும் சொற்களை வைத்தவர்களையும் சேர்த்தால், நூற்றுக்கு 86 பேரின் ரகசியம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியது. இவர்களில் மிகப் பலர் கம்ப்யூட்டர் நிபுணர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு பின்கதையும் இருக்கிறது. 1988 நவம்பரில், இன்டர்நெட்டில் தானாகப் பரவும் ஒரு நிரல் பல ஆயிரம் யந்திரங்களை முடக்கிப்போட்டது. புகுவதற்கு அது கையாண்ட வழிகளில் ஒன்று, தன்னோடு எடுத்துச்சென்ற 432 சொற்களை ஒவ்வொன்றாகக் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்ப்பது. அந்த நிரலை எழுதிய மாணவர் வேறு யாருமல்லர், 1979-ஆம் வருஷத்துக் கட்டுரையை எழுதிய அதே ராபர்ட் மாரிஸின் புதல்வர். தகப்பனார் எச்சரித்ததை மகன் நிரூபித்துக் காட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி? முதற்காரணம் ஞாபகசக்தி. ஒரு மனிதனுக்கு ரகசியம் ஒன்றோ இரண்டோ இருந்த காலம் போய்விட்டது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் இருவர் கணக்கெடுத்தபோதே, சாதாரணமாக ஒருவருக்கு இருபத்தைந்து கணக்குகளும், அவற்றுக்கு ஆறு ஏழு கடவுச்சொற்களும்தான் இருந்தன. பாங்கு, ரயில் டிக்கெட், மின்கட்டணம், வருமான வரி, பிள்ளையின் பள்ளிக்கூடம், காஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரகசியம் கேட்கிற இந்த நாளில் அந்த எண்ணிக்கை எவ்வளவோ பெருகிவிட்டது. பாட்டிமார் எத்தனையோ பாசுரங்களை மனப்பாடமாகச் சொன்னார்களே என்று கேட்கலாம்; அவற்றில் பொருளும் எதுகையும் இராகமும் இருந்தன. பொருளே இல்லாத, இருக்கவும் கூடாத எழுத்துக் கூட்டங்களை, அதுவும் ஐம்பது அறுபதை, குழப்பிக்கொள்ளாமல் நினைவில் வை என்பது மனித மூளை எந்தக் காலத்திலும் செய்திராத வேலை.

இரண்டாவது காரணத்தை நிபுணர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கடவுச்சொல் வைப்பதற்காக எவரும் கம்ப்யூட்டர் முன் உட்காருவதில்லை. தட்கல் டிக்கெட் எடுக்க வந்தவருக்கு மனமெல்லாம் டிக்கெட்டில் இருக்கிறது. இடையில் குறுக்கிட்டு, புதிய கடவுச்சொல் ஒன்று உண்டாக்குக என்று திரை கட்டளையிடும்போது, கைக்கு முதலில் அகப்படுவதைக் கொடுத்துவிட்டு அப்பால் போவதே அவருடைய நோக்கம். ஆபத்தோ தூரத்தில் இருக்கிறது, அதுவும் வரலாம், வராமலும் போகலாம். தொல்லையோ இப்போதே, இந்த நிமிஷமே வந்து நிற்கிறது. மைக்ரோசாஃப்டின் கார்மக் ஹெர்லி என்ற ஆராய்ச்சியாளர் 2009-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: பாதுகாப்பு உபதேசங்களையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதற்கு ஜனங்கள் செலவிடவேண்டிய நேரத்தின் மதிப்பு, அதனால் தவிர்க்கக்கூடிய நஷ்டத்தைவிட அதிகமாகிவிடுகிறது, ஆகவே உபதேசத்தை ஒதுக்குகிறவர்கள் பகுத்தறிவோடுதான் நடந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். முழுவதும் ஒப்புக்கொள்ளக்கூடியதா என்பது வேறு விஷயம். ஏசுவதற்கு முன் யோசிக்கத் தூண்டுகிறது.

மூன்றாவது காரணம், என் எண்ணத்தில், எல்லாவற்றிலும் ஆழமானது. நாம் தனித்தன்மை என்று கருதித் தேர்ந்தெடுப்பதையே பக்கத்து வீட்டுக்காரரும் தேர்ந்தெடுக்கிறார். 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து மூன்று கோடியே இருபது லட்சம் கடவுச்சொற்கள், மறைக்காத வெற்றெழுத்தாகவே களவு போயின. அவற்றை அடுக்கிப் பார்த்தபோது முதலிடத்தில் நின்றது 123456. ஒருவருக்கொருவர் முகம் தெரியாத இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் அதையே தத்தம் பிரத்தியேக ரகசியமாக வைத்திருந்தார்கள். 2021-இல் இந்தியர்கள் அதிகமாக வைத்த கடவுச்சொற்கள் என்று நோர்ட்பாஸ் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், எண்வரிசைகளோடு கிருஷ்ணா, சாய்ராம், ஓம்சாய்ராம் ஆகிய நாமங்களும் இருந்தன. பக்தியைக் குறை சொல்வதற்கில்லை. பல லட்சம் பேர் உச்சரிக்கும் நாமம் ரகசியமாக இருக்க முடியாது என்பதுதான் சிக்கல். மூத்த மகளின் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்ப்பதும், அபிமான நடிகரின் பெயரோடு 007 சேர்ப்பதும் இந்த வகையே.

ஏ.டி.எம். யந்திரத்தின் பின் நம்பரும் இதற்கு விலக்கன்று. 1967-இல் லண்டனின் வடபகுதியில் என்ஃபீல்டு என்ற இடத்தில் பார்க்ளேஸ் பாங்கு நிறுவிய பணம் தரும் யந்திரத்தை வடிவமைத்த ஜான் ஷெப்பர்டு-பேரன், நம் ஷில்லாங்கில் பிறந்தவர். தம் ராணுவ எண் நினைவில் இருந்ததால் ஆறு இலக்கம் வைக்கலாம் என்று அவர் எண்ணியதாகவும், சமையலறை மேஜையில் மனைவியிடம் கேட்டபோது நான்குக்கு மேல் தமக்கு ஞாபகம் இருக்காது என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டதாகவும், அதனாலேயே நான்கு ஆயிற்று என்றும் அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் எண்கள் உண்டு. ஆனால் 2012-இல் நிக் பெர்ரி என்ற ஆய்வாளர், களவுபோன பட்டியல்களிலிருந்து நான்கிலக்கக் கடவுச்சொற்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்ததில், நூற்றுக்குப் பத்துக்கு மேல் 1234 என்ற ஒன்றே. 19 என்று தொடங்கும் பிறந்த வருஷங்களும் ஏராளம்.

திருடன் எப்படி வேலை செய்கிறான் என்று தெரிந்தால்தான் பரிகாரம் விளங்கும். ஒருவன் நம் கணக்கின் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப்பார்ப்பதில்லை. நாலைந்து முறை தவறினால் வாசல் அடைத்துக்கொள்ளும். நிறுவனத்தின் கம்ப்யூட்டரை உடைத்து, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அவன் தூக்கிச் செல்கிறான். ஒழுங்கான நிறுவனம் அந்தச் சொற்களை அப்படியே வைத்திருக்காது. மீட்டுத் திருப்ப முடியாதபடி கணித முறையில் அரைத்து, அரைத்த வடிவத்தை மட்டும் வைத்திருக்கும். திருடன் தன் பங்குக்கு ஊகிக்கும் சொற்களை அதே முறையில் அரைத்து, எது ஒத்துப்போகிறது என்று தன் வீட்டில் சாவகாசமாகப் பார்க்கிறான். பழைய, வேகமான அரைப்பு முறையாக இருந்தால், விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் உயர்ந்த ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே விநாடிக்குப் பத்தாயிரம் கோடி ஊகங்களைச் சோதித்துவிடும். சிற்றெழுத்துக்கள் எட்டால் ஆகக்கூடிய சொற்கள் எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ இருபத்தோராயிரம் கோடிதான். இரண்டு விநாடி வேலை. இந்த வேகத்தைக் குறைப்பதற்கென்றே மிக மெதுவாக அரைக்கும் முறைகளும், ஒரே சொல்லை வைத்த இருவரின் அரைப்பு ஒன்றுபோல் வராதபடி ஆளுக்கொரு துணுக்கு சேர்க்கும் யுக்தியும் வந்திருக்கின்றன. அந்தத் துணுக்குக்கு நிபுணர்கள் உப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதை முதலில் எடுத்துச் சொன்னதும் மாரிஸ், தாம்ப்ஸன் கட்டுரையே. ஆனால் நம் சொல்லை வாங்கிக்கொண்ட நிறுவனம் எந்த முறையில் அரைக்கிறது என்பது நமக்குத் தெரிய வழியில்லை.

இந்த வேகத்துக்குத் தாம்ப்ஸனே தப்பவில்லை. யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரும் கடவுச்சொல்லைப் பற்றி உலகத்துக்கு எச்சரித்தவருமான அவர், ஆதி நாட்களில் வைத்திருந்த எட்டெழுத்துக் கடவுச்சொல் ஒரு பழைய கோப்பில் அரைத்த வடிவத்தில் கிடந்தது; 2019-இல் சில ஆர்வலர்கள் அதை ஒரு யந்திரத்தில் நான்கைந்து நாள் ஓடவிட்டுக் கண்டுபிடித்தார்கள். குறிகளும் எண்களும் கலந்த அந்தச் சொல், சதுரங்கத்தில் ராணியின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் முதல் ஆட்டம். அவர் சதுரங்கம் ஆடும் யந்திரம் செய்தவர் என்பதை அறிந்த எவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஹாப்மனுக்கு மடக்கை எண் எப்படியோ, அப்படியே அவருக்குச் சதுரங்கம்.

அதிகாரிகள் இதற்குக் கண்ட மருந்து நெடுநாள் வியாதியைவிட மோசமாக இருந்தது. 2003-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஸ்தாபனத்துக்காக பில் பர் என்ற அதிகாரி எழுதிய வழிகாட்டியை ஆதாரமாகக் கொண்டு, பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று வேண்டும், தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும் என்ற நிபந்தனைகள் உலகமெங்கும் பரவின. விளைவு என்ன? ஜனங்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்கி, @ குறி போட்டு, கடைசியில் 123 சேர்த்தார்கள். மாற்றச் சொன்னபோது 123 என்பது 124 ஆயிற்று. இந்த யுக்தி திருடனுக்கும் தெரியும். வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் 2010-இல் ஆராய்ந்தபோது, ஒருவரின் பழைய கடவுச்சொல் தெரிந்தால், நூற்றுக்கு நாற்பது கணக்குகளுக்கு மேல், மாற்றிய புதிய சொல்லைச் சில விநாடிகளில் ஊகிக்க முடிந்தது. ஓய்வுபெற்ற பின் 2017-இல் பில் பர் தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அதே வருஷம் அந்த ஸ்தாபனமும், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதே, குறியும் எண்ணும் கலக்கச் சொல்லி நிர்ப்பந்திக்காதே, நீளமாக வைக்க இடம் கொடு, ஏற்கெனவே களவுபோன பட்டியலில் உள்ளதை மறு என்று விதிகளைத் திருத்தியது. நம் நாட்டு அலுவலகங்கள் பலவற்றில் பழைய சம்பிரதாயம் இன்னும் நடக்கிறது.

ஆகவே பரிகாரத்தின் முதல் தத்துவம், தேர்ந்தெடுக்கும் வேலையை மனத்தினிடமிருந்து பிடுங்கிவிடுவது. 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் ஓர் எளிய முறை சொன்னார். 7,776 சாதாரணச் சொற்களைப் பட்டியலிட்டு எண் கொடுத்து, ஆறுமுகப் பகடையை ஐந்து முறை உருட்டி, விழுகிற எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக்கொள்வது. இப்படி ஆறு சொற்கள். முன்பு சொன்ன விநாடிக்குப் பத்தாயிரம் கோடி வேகத்தில் அந்த ஆறு சொற்களின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பதற்கு எழுபதாயிரம் வருஷம் ஆகும். சூட்சுமம் சொல்லின் கடினத்தில் இல்லை, பகடையில் இருக்கிறது. நாமாக ஆறு சொல் யோசித்தால், முதலாவது சொல்லே இரண்டாவதை இழுத்துக்கொண்டு வரும். பாட்டின் அடியை வைத்தால் அது முன்பே அச்சில் இருக்கும். தமிழ் அகராதி ஒன்றை எடுத்து, பக்க எண்ணையும் சொல்லின் வரிசையையும் பகடையால் தீர்மானித்து, விழுந்த சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டெழுதுவதும் நல்ல வழியே. முறம், கலெக்டர், பனங்கிழங்கு, ஊஞ்சல் என்று சம்பந்தமில்லாமல் விழுவதை ஒரு கதையாகக் கோத்துக்கொண்டால் ஞாபகமும் நிற்கும். பிடிக்கவில்லையே என்று மறுபடி மறுபடி உருட்டக்கூடாது. பிடித்ததைத் தேடுவது மறுபடியும் மனத்தைத் தேர்வுக்கு அழைப்பதாகும்.

அறுபது கணக்குகளுக்கும் இப்படி உருட்ட வேண்டுமா என்றால், வேண்டாம். மனப்பாடமாக வைக்கவேண்டியவை இரண்டு மூன்றுதான். மற்றவற்றை பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருளிடம் விட்டுவிடலாம். அதுவே ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான, பொருளற்ற ஒரு சொல்லை உண்டாக்கி, பூட்டி வைத்து, கேட்கும்போது நிரப்பித் தரும். இப்போது வரும் கைப்பேசிகளில் இது பெரும்பாலும் கூடவே இருக்கிறது. அதில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு சௌகரியமும் உண்டு: பாங்கின் பக்கத்தைப்போலவே அச்சாக வேடம் போட்ட போலிப் பக்கத்தைக் கண்டு நம் கண் ஏமாறும், முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் மேனேஜர் ஏமாறாது, நிரப்பாமல் நின்றுவிடும். அது நிரப்ப மறுக்கும்போது, பொறுமையிழந்து கையால் தட்டாமல், ஏன் என்று யோசிப்பது நல்லது.

எல்லாவற்றிலும் முந்தி மாற்றவேண்டியது மின்னஞ்சலின் கடவுச்சொல். மற்ற எந்தக் கணக்கின் சொல்லை மறந்தாலும், மாற்றுவதற்கான கடிதம் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. அதைப் பிடித்தவன் மற்ற அனைத்தையும் பிடித்தவனே. ஏதோ ஒரு கடையின் இணையப் பக்கத்தில் களவுபோன சொல்லைக் கொண்டு லட்சக்கணக்கான மின்னஞ்சல் கணக்குகளையும் பாங்குக் கணக்குகளையும் யந்திரத்தால் தட்டிப்பார்ப்பது இன்று திருடர்களின் அன்றாடத் தொழில். ஆகையால் ஒரே சொல்லைப் பல இடத்தில் வைப்பது, சொல் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், அதில் மிகமிக அலட்சியமான நிறுவனத்தின் தயவில் நம் உடைமை முழுவதையும் ஒப்படைப்பதாகும். கடவுச்சொல்லுக்குமேல், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைப்போல, இரண்டாவது சோதனை ஒன்றையும் வைத்துக்கொண்டால், சொல் களவுபோனாலும் ஓரளவு தப்பலாம். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பாங்கிலிருந்து பேசுகிறேன் என்று போனில் கூப்பிடுகிறவனிடம் நாமே ஓடிபி எண்ணைப் படித்துக் காட்டிவிட்டால் எந்தப் பகடையும் காப்பாற்றாது. யு.பி.ஐ. மூலம் பணம் பெற்றுக்கொள்வதற்குப் பின் நம்பர் போடவேண்டிய அவசியமே இல்லை. பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள் என்கிறவன் பணத்தை எடுக்க வந்தவன். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லவேண்டும். தாமதமாகத் தாமதமாகப் பணம் கைமாறிப் போய்விடும்.

கைப்பேசியின் மென்பொருளில் மனம் ஒப்பாத பெரியவர்களுக்கு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வதையே நான் சிபாரிசு செய்வேன். எழுதி வைக்கவே கூடாது என்பது, சுவரில் ஒட்டி வைத்த அலுவலகக் காலத்து எச்சரிக்கை. புரூஸ் ஷ்னையர் போன்ற பிரசித்தமான பாதுகாப்பு நிபுணரே 2005-இல், காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், காகிதத் துண்டுகளைக் காப்பதில் நாம் கெட்டிக்காரர்கள் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். உலகத்தின் மறுகோடியிலிருந்து கோப்பைத் திருடுகிறவன் நம் வீட்டு பீரோவைத் திறக்க வரப்போவதில்லை. ஏ.டி.எம். கார்டையும் அதன் பின் நம்பரையும் மட்டும் ஒரே பையில் வைக்கக்கூடாது. மின்னஞ்சல் சொல்லின் கடைசி ஒரு பகுதியை எழுதாமல் மனத்தில் நிறுத்திக்கொள்வதும் உண்டு. அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைக்கவேண்டும். பென்ஷன் கணக்கும் வைப்புத்தொகை ரசீதும் மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்க, அதற்குரியவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், குடும்பத்தார் பாங்குக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடையாய் நடக்கவேண்டி வருகிறது.